நீர்முள்ளி விதை: நாட்டு மருந்துக் கடையில் 40 ரூபாய்ப் பொட்டலம்

கும்பகோணத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் போன ஆடி மாதம் நீர்முள்ளி விதை வாங்கினேன். 50 கிராம், 40 ரூபாய். பெரும்பாலும் கஷாயத்துக்கும் லேகியத்துக்கும்தான் வாங்குவார்கள். எனக்கு வேண்டியது செடி. சின்ன வயதில் எங்கள் வயல் வாய்க்கால் ஓரம் இடுப்பளவு நிற்கும். கரைக்கு சிமெண்ட் பூசியதோடு போய்விட்டது.

"விதை நல்லதா ஐயா?" என்று கேட்டேன். "நாக்குல வச்சுப் பாருங்கம்மா" என்றார் கடைக்காரப் பெரியவர். எள் மாதிரி தட்டையான பழுப்பு விதை. வைத்த மாத்திரத்தில் வழவழவென்று ஊறி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "ஊற வச்சு விதைக்காதீங்க, கட்டி கட்டியா ஒட்டிக்கும். காய்ஞ்ச மணலில் கலந்து சேத்துல தூவுங்க." விதை விற்பவர் இவ்வளவு சொல்லி நான் பார்த்ததில்லை.

குறை ஒன்று உண்டு. சரியாகப் புடைக்கவில்லை. பொட்டலத்தில் கையை விட்டதும் முள் துண்டு ஒன்று விரலில் ஏறிவிட்டது. முறத்தில் கொட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதியைத் தொட்டியில் போட்டேன். ஒரு சாண் வளர்ந்தது, இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற மறந்ததும் சுருண்டுவிட்டது. மீதியை மாட்டுக் கொட்டகைக் கழுநீர் தேங்கும் பள்ளத்தின் ஓரத்தில் தூவினேன். அங்கே இருபது செடிக்கு மேல் வந்தது. எப்போதும் ஈரம், நாள் முழுக்க வெயில், காலுக்கடியில் சேறு: இந்தச் செடிக்கு வீடு அதுதான். தொட்டி வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம்.

மார்கழியில் பூத்தது. சொரசொரப்பான சிவந்த தண்டில் கணுவுக்குக் கணு இலைகள் வட்டமாகச் சூழ்ந்திருக்கும். அதற்குள் வைக்கோல் நிறத்தில் ஆறு முள், நேராக, ஊசி மாதிரி. அந்த முள்ளுக்கு நடுவில்தான் ஊதாப் பூ, உதடு பிளந்தாற்போல. நடுவில் லேசான மஞ்சள். அப்புறம் ஒரு நாள் இலையில் கறுப்புக் கம்பளிப்புழு மாதிரி முள் முள்ளாக ஒன்று. மருந்து அடிக்கச் சொன்னார்கள், நான் விடவில்லை. அது பட்டாம்பூச்சிப் புழு. இறக்கையில் மயில்கண் வைத்த ஆரஞ்சு நிற மயில் வசீகரன் பட்டாம்பூச்சி முட்டையிடும் செடிகளில் நீர்முள்ளியும் ஒன்று.

கடையில் 'முள்ளி' என்று மட்டும் கேட்காதீர்கள், கறிமுள்ளியை எடுத்துத் தந்துவிடுவார்கள். 'நீர்முள்ளி விதை' என்று முழுசாகச் சொல்லுங்கள். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.