சர்ச்சில் மக்காபூ கால்துடுப்பு: இரண்டு கோடைகளுக்குப் பின் ஒரு மதிப்பீடு

பலகையும் மிதவையும் இல்லாமல், உடம்பையே பலகையாக நீட்டி அலையின் முகப்பில் சறுக்கிச் செல்லும் பாடிசர்ஃபிங்கிற்குக் காசு கொடுத்து வாங்கவேண்டிய பொருள் என்று பார்த்தால் ஒன்றுதான் தேறும்: காலில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் துடுப்பு. மற்றவையெல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. தென் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் குடியிருந்துகொண்டு, நான்கு கோடைகளாக வார இறுதிக் காலைகளை நியூபோர்ட், ஹண்டிங்டன் கடற்கரைகளில் கழித்துவரும் எனக்கு, இந்த ஒரு பொருளைச் சரியாக வாங்குவதற்கு மூன்று முறை பணம் செலவாகியிருக்கிறது. மூன்றாவதாக வாங்கி, இரண்டு கோடைகளாகப் பயன்படுத்திவரும் ‘சர்ச்சில் மக்காபூ’ கால்துடுப்பைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். முதல் இரண்டு ஜோடிகளின் கதையைச் சொல்லாமல் இதன் அருமையை விளக்க இயலாது என்பதால் அவையும் இடையில் வரும்.

முதல் ஜோடியை இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினேன். பவளப்பாறைகளைப் பார்க்க மிதந்து செல்பவர்கள் அணியும் நீளமான வகை அது. அமைதியான நீரில் நிதானமாகக் காலை அசைத்துக்கொண்டே போவதற்கு அந்த நீளம் உதவும். ஆனால் இடுப்பளவு நீரில் அலை முறியும் இடத்தில் அதே நீளம் கணுக்காலைப் பிடித்து முறுக்குகிற நெம்புகோலாக மாறிவிடுகிறது. மூன்றாம் நாள் ஓர் அலை என்னைச் சுருட்டிப் போட்டுவிட்டு, இடது காலில் இருந்ததையும் உருவிக்கொண்டு போயிற்று. அது மிதக்கும் என்று நினைத்துக் கால்மணி நேரம் கழுத்தை நீட்டி நீட்டித் தேடினேன். மிதக்காத பொருளை நீர்ப்பரப்பில் தேடிய அறிவாளி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வலது காலுக்குரியது இன்னும் வாகன நிறுத்தக் கொட்டகையில் கிடக்கிறது.

மக்காபூவின் முதற்சிறப்பு அது மிதக்கிறது என்பதே. காலைவிட்டுக் கழன்றாலும் நுரைக்கு நடுவே அதன் நிறம் கண்ணில் படும். இரண்டு அலைகள் கடந்தால் கரைப்பக்கம் வந்துசேரும். இரண்டாவது சிறப்பு அதன் குட்டையான தகடு. அலையைப் பிடிப்பதற்கு நெடுநேரம் நீந்தத் தேவையில்லை. நான்கைந்து உதைகளில், மூன்று நொடிக்குள், அலையின் வேகத்துக்கு ஏறக்குறைய ஈடாக உடம்பை முன்னால் தள்ளிவிட வேண்டும். அதற்கு வேண்டியது தொடர்ந்த உந்தம் அன்று, சட்டென்று கிடைக்கும் உந்தம். தகட்டின் இருபுறமும் கெட்டியான ரப்பர் விளிம்புகள் இருப்பதால் உதைக்கும்போது அது வளைந்து வீணாவதில்லை. பாதம் நுழையும் பகுதியோ மிருதுவான ரப்பரால் ஆனது. கெட்டியும் மென்மையும் அவையவை இருக்கவேண்டிய இடத்தில் இருப்பதுதான் ஒரு நல்ல கால்துடுப்பின் இலக்கணம் என்று சொல்வேன்.

இதன் பின்னாலுள்ள வரலாறும் சுவையானது. பாதத் துடுப்புக்கு 1933-இல் பிரான்சில் காப்புரிமை பெற்றவர் லூயி தெ கோர்லியூ என்ற கடற்படை அதிகாரி. 1932-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்ற ஓவன் சர்ச்சில், தாஹித்தித் தீவில் இளைஞர்கள் காலில் துடுப்புக் கட்டிக்கொண்டு நீந்துவதைக் கண்டு வியந்து, பின்னர் கோர்லியூவிடம் உரிமம் பெற்று, 1940-இல் அமெரிக்காவில் தம் பெயரிலேயே ரப்பர் துடுப்புகளை விற்கத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் முக்குளிப்பு வீரர்களின் காலுக்குச் சென்ற அந்தப் பொருள், போர் முடிந்ததும் கலிஃபோர்னியா, ஹவாய் அலைகளுக்குத் திரும்பி வந்தது. மக்காபூ என்பது ஹவாயின் ஒவாஹு தீவின் கிழக்கு முனையிலுள்ள கடற்கரையின் பெயர். பாடிசர்ஃபிங் செய்வோருக்கு அது ஒரு திருத்தலம் போன்றது. துடுப்பெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஹவாய் மக்கள் இந்த விளையாட்டை ‘கஹா நாலு’ என்று அழைத்து ஆடிவந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கருவி புதிது, கலை மிகப் பழையது.

இனி என் இரண்டாவது ஜோடி. அதுவும் இதே மக்காபூதான். தவறு முழுவதும் என்னுடையது. கடையில் உலர்ந்த காலோடு போட்டுப் பார்த்தபோது சற்று இறுக்கமாக இருந்ததால், செருப்பு வாங்குகிற நம் வழக்கப்படி ‘கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்’ என்று ஓர் அளவு பெரிதாக எடுத்துவிட்டேன். இங்குள்ள கடல் குளிர்காலத்தில் 14, 15 டிகிரி செல்சியஸும் கோடையின் இறுதியில் 20 டிகிரியை ஒட்டியும் இருக்கும். அந்தக் குளிரில் பாதம் சற்றே ஒடுங்குகிறது. நனைந்த ரப்பரும் வழுக்குகிறது. ஒவ்வோர் உதைக்கும் பாதம் உள்ளே ஆடியதில், மேல்விளிம்பு உரசி இரண்டு கட்டைவிரல்களின் மேற்புறத்திலும் தோல் வழன்றுவிட்டது. உப்புநீரில் அந்த எரிச்சல் எப்படியிருக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை. கடைசியில் அந்த ஜோடியை என்னைவிடப் பெரிய கால் கொண்ட நண்பருக்குக் கொடுத்துவிட்டு, ஓர் அளவு சிறியதை வாங்கினேன். கரையில் மாட்டிக்கொண்டு காலைப் பலமாக உதறினாலும் அசையாமல் நிற்கவேண்டும், விரல்கள் மரத்துப்போகவும் கூடாது. அந்த நடுவளவே சரியான அளவு. தகட்டின் வடிவத்தைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் இருக்கிறார்கள். என் அனுபவத்தில், பாதம் சரியாகப் பொருந்திய சுமாரான துடுப்பு, பொருந்தாத உயர்ந்த துடுப்பைவிட இரண்டு மடங்கு அலைகளைப் பிடித்துத் தரும்.

மாட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. மணலில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டு தவளைபோல நடந்துபோவது பார்ப்பவர்களுக்குத்தான் வேடிக்கை. முழங்காலளவு நீரில் நின்று, உள்ளே சேர்ந்த மணலை அலசிவிட்டு, குதிகால் வாரை வெளிப்புறமாக மடித்து, பாதத்தை முழுவதும் நுழைத்தபின் வாரை இழுத்து மேலே விடவேண்டும். பின்பு கடலைப் பார்த்து முன்னோக்கி நடக்காமல், முதுகைக் கடலுக்குக் காட்டி, தோள் வழியாக அலையைக் கவனித்தபடி பின்னோக்கி நடக்கவேண்டும். மக்காபூவின் குதிகால்பகுதியிலுள்ள திறப்புகள் வழியாக மணல் ஓரளவு தானே வெளியேறிவிடுகிறது என்றாலும், அரைமணி நேரத்துக்கு ஒருமுறை நான் நின்று அலசிக்கொள்கிறேன்.

அலைக்குள் இந்தத் துடுப்பு எவ்வாறு பணியாற்றுகிறது என்பதற்கு, சென்ற செப்டம்பரில் ஒரு காலையில் கிடைத்த ஓர் அலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ‘அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது’ என்பது நம் பழமொழி. இங்கோ அலைகள் மூன்று நான்காகக் கூட்டமாய் வருவதும் பின்பு சில நிமிடங்கள் ஓய்வதுமாக இருப்பதால், உண்மையிலேயே ஓயும்வரை காத்திருந்து உள்ளே போகிறோம். கூட்டத்தின் இரண்டாவது அலை எழுந்தபோது நான் மார்பளவு ஆழத்தைச் சற்றுக் கடந்து மிதந்துகொண்டிருந்தேன். அலையொன்று தன் உயரத்தைவிடக் கொஞ்சமே அதிகமான ஆழத்தை எட்டும்போது முறியும். அடித்தரை திடீரென்று மேடேறும் கரையில் அது உருண்டு கவிழ்ந்து விழும், மெல்ல மேடேறும் கரையில் உச்சியிலிருந்து நுரை வழிந்து இறங்கும். அன்று இருந்தது முதல் வகை. திரும்பிக் கரையை நோக்கிப் படுத்து, முழங்காலிலிருந்து அல்லாமல் இடுப்பிலிருந்து, நீருக்கு வெளியே தெறிக்காமல் ஐந்து முறை உதைத்தேன். பின்புறம் உயர்ந்து, கால்கள் என்னைவிட மேலே போவதுபோல் தோன்றிய கணத்தில், வலப்பக்கம் போக முடிவுசெய்து வலக்கையை முன்னே நீட்டி உள்ளங்கையை நீரின்மேல் படியவைத்தேன். வலப்பக்கம் போகும்போது அலையின் சுவர் நமக்கு வலப்புறத்தில்தான் இருக்கும். ஆகவே அந்தக் கையும் இடுப்பின் அந்தப் பக்கமும்தான் நம் பலகை. அதன்பிறகு துடுப்புக்கு உதைக்கும் வேலை இல்லை. இரண்டு கால்களும் ஒட்டி நீண்டிருக்க, தகடுகளின் விளிம்பு மட்டும் அலைச்சுவரில் பதிந்து, பின்பக்கம் நழுவிக் கீழே போய்விடாதபடி பிடித்துக்கொள்கிறது. குட்டைத் தகடு இந்த இடத்தில் நன்றாகத் தன் மதிப்பைக் காட்டியது; நீளமானதாக இருந்திருந்தால் அது பின்னால் இழுத்துப் பிடிக்கும் நங்கூரமாகியிருக்கும். ஆறு ஏழு நொடிகள் சறுக்கியிருப்பேன். முன்னால் சுவர் முழுவதும் ஒரேயடியாகக் கவிழப்போவதைக் கண்டதும், தலையைத் தாழ்த்தி, நீட்டிய கையைச் சுவருக்குள் குத்தி, இரண்டு உதையில் அலையின் முதுகுப்பக்கம் வெளியேறினேன்.

அந்த வெளியேற்றத்தைத்தான் முதலில் பழகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சறுக்கும் ஆசையில் நேராகக் கரையை நோக்கித் தலைகுப்புற விழுந்து கழுத்தை முறித்துக்கொள்வதே இந்த விளையாட்டின் மிகப்பெரிய ஆபத்து. ஒவாஹுவின் சாண்டி கடற்கரை கழுத்துக் காயங்களுக்குப் பெயர்போனது. 2008 ஆகஸ்டில் ஒபாமா விடுமுறையில் பாடிசர்ஃபிங் செய்ததும் அங்கேதான். அவர் அந்தத் தீவில் வளர்ந்தவர். புதியவர்கள் அந்தக் கரையில் தொடங்கக் கூடாது. எங்கே விழுந்தாலும் ஒரு கையாவது தலைக்கு முன்னால் இருக்கவேண்டும்.

மக்காபூவின் எல்லை எங்கே முடிகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். தலைக்குமேல் உயர்ந்த அலைகளில், இன்னும் விறைப்பான, உந்தம் அதிகமான துடுப்பே வேண்டியிருக்கிறது. நியூபோர்ட்டில் பால்போவா தீபகற்பத்தின் முனையிலுள்ள ‘வெட்ஜ்’ என்ற இடத்தில் இது கண்கூடு. அங்கே துறைமுகத்துக்காக நீட்டிய கற்சுவரில் மோதித் திரும்பும் அலை, அடுத்து வரும் அலையோடு சேர்ந்து ஆப்புபோல் கூம்பி எழும். பேரலை எழும் நாட்களில் அது 9 மீட்டரையும் தொடும். மே முதல் தேதியிலிருந்து அக்டோபர் முடியும்வரை, காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை அங்கே பலகைகளுக்கு அனுமதியில்லை. மஞ்சள் கொடியில் கறுப்புப் பந்து பறந்தால் கடல் பாடிசர்ஃபிங் செய்வோருக்கே. நான் அங்கே மணலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் இனம். அந்த அலைகளிலேயே ஊறிய ஃபிரெட் சிம்சன் உருவாக்கிய ‘வைப்பர்’ துடுப்புகள் அத்தகைய நீருக்காகவே பிறந்தவை. அவற்றை உதைக்க அதற்கேற்ற தொடைவலிமை வேண்டும். ஒருமுறை இரவல் வாங்கி இடுப்பளவு அலையில் முயன்றபோது இருபது நிமிடத்தில் கெண்டைக்காலில் குரக்களி பிடித்துக்கொண்டது. ஹவாயில் உயிர்காப்பாளர்கள் பலர் விரும்பி அணியும் ‘டாஃபின்’ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது என்று தோன்றுகிறது. அதை நீண்டகாலம் பயன்படுத்தியவன் அல்லன் என்பதால் அத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கையில் மாட்டும் சிறு பலகையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறுவயதிலேயே கைகளுக்கு மரத்தட்டுகள் செய்து நீந்திப் பார்த்தவர். அந்த ஆசை புதிதன்று. மார்பு நீரைவிட்டு உயர்வதால் வேகம் கூடுவது உண்மைதான். ஆனால் உள்ளங்கையால் அலையைத் தொட்டு உணரக் கற்றுக்கொள்ளும் முன்பே அதை மாட்டிக்கொண்டால், எங்கே நீர் இறுகியிருக்கிறது, எங்கே சரியப்போகிறது என்பதைக் கை அறியாமலே போய்விடும். முதலாண்டில் அந்தப் பணத்துக்கு நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பராலான மெல்லிய காலுறை வாங்குங்கள். தோல் உரசலுக்கு அதைவிட நல்ல மருந்தில்லை. காலுறை அணிவதாக இருந்தால் அதைக் கடைக்கு எடுத்துச் சென்று, அதன் மேல் துடுப்பைப் போட்டுப் பார்த்தே அளவைத் தேர்ந்தெடுக்கவேண்டும். கணுக்காலோடு துடுப்பைக் கட்டும் வாரும் தனியாகக் கிடைக்கிறது. மிதக்கும் துடுப்புக்கு அது கட்டாயமில்லை என்றாலும், மாலை வெளிச்சம் மங்கிய பிறகு நான் கட்டிக்கொள்கிறேன்.

விலை பற்றி ஒரு சொல்: இங்கே நல்ல ஜோடிகள் பொதுவாக 60 முதல் 90 டாலருக்குள் அடங்கும், மக்காபூ அந்த வரிசையின் கீழ்ப்பக்கத்தில் நிற்கிறது. பராமரிப்பு எளிது. நல்ல தண்ணீரில் அலசி, நிழலில், தகடு மடங்காமல் தட்டையாக வைத்தால் போதும். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் மட்டும் போடவே கூடாது. சூடேறிய ரப்பர் எப்படி மடங்கிக் கிடக்கிறதோ அப்படியே வளைந்து நின்றுவிடும். இரண்டு கோடைகளில் என் ஜோடியின் நிறம் வெளுத்திருக்கிறது, வலது தகட்டின் முனை மணலில் தேய்ந்து சற்று மொட்டையாகியிருக்கிறது. வாரில் விரிசல் எதுவும் இல்லை. வாரை விரல்களால் இழுத்து மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றனவா என்று ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் பார்த்துக்கொள்கிறேன். அவை தெரியும் ஆண்டில் இதே அளவில், இதே வகையை மறுபடியும் வாங்குவேன்.