ஏ.எஸ்.டபிள்யூ.பி. மாஸ்டர்ஸ் தேர்வுக்கு நான் வாங்கிய பயிற்சித் தொகுப்பு: கார்டு வேண்டாம், கேள்விகள் போதும்

சென்னையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்து நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு நியூ ஜெர்சிக்கு வந்தவள் நான். நான் வந்தபோது இங்கே எல்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணியாளர் லைசென்ஸ் வேண்டுமென்றால், ஏ.எஸ்.டபிள்யூ.பி. என்ற சமூகப் பணி வாரியங்களின் சங்கம் நடத்தும் இந்த மாஸ்டர்ஸ் தேர்வை எழுதியே ஆக வேண்டியிருந்தது. நான் எழுதியபோது 4 மணி நேரம், 170 கேள்விகள், அதில் 150-க்குத்தான் மதிப்பெண், மீதி 20 எவை என்று நமக்குத் தெரியாது. அதற்காக வாங்கியதுதான் இந்தத் தொகுப்பு: ஒரு பெட்டி ஃபிளாஷ் கார்டு, கூடவே ஆன்லைனில் பயிற்சிக் கேள்விகள்.

கார்டுகளைப் பற்றி முதலில். மனித வளர்ச்சிக்கு எரிக்சன் சொன்ன 8 பருவங்கள், குழந்தையின் சிந்தனை வளர்ச்சிக்குப் பியாஜே சொன்ன 4 படிநிலைகள் எல்லாம் ரயிலில் போகும்போது புரட்டிப் பார்க்க வசதியாகத்தான் இருந்தன. ஆனால் மனநோய்ப் பகுதி ரொம்பப் பழசு. ஐந்து அச்சுகளாகப் பிரித்து நோயறிதல் எழுதும் முறையை பத்துப் பதினைந்து கார்டுகளில் விளக்குகிறார்கள், அந்த முறையை அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம்.-இன் ஐந்தாம் பதிப்பு வந்த 2013-லேயே கைவிட்டாகிவிட்டது. வேலைக்கும் போய்க்கொண்டு ராத்திரி கண் விழித்துப் படிக்கிறவர்களுக்கு இப்படிக் காலாவதியானதை விற்பது நியாயமே இல்லை. எனக்கு இரண்டு வாரம் வீணாய்ப் போனது.

பயிற்சிக் கேள்விகள்தான் கொடுத்த காசுக்கு மதிப்பு. ஒரு கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. பத்து வயதுப் பையன் முதுகில் பெல்ட் தழும்பு, அப்பா அடித்தார் என்கிறான், முதலில் என்ன செய்வீர்கள்? அப்பாவைக் கூப்பிட்டுப் பேசுவேன் என்று போட்டேன். நம் ஊரில் அப்படித்தான் தொடங்குவோம், குடும்பத்தை உட்கார வைத்துப் பேசி, பெரியவர்களை வைத்து எடுத்துச் சொல்லி. தப்பு. நியாயமான சந்தேகம் இருந்தாலே குழந்தைப் பாதுகாப்புத் துறைக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும், விசாரிப்பது அவர்கள் வேலை, நாம் முந்திக்கொண்டு பேசினால் அன்று ராத்திரி அந்தப் பையனுக்குத்தான் ஆபத்து. சரியான விடையோடு நிறுத்தாமல் மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதியிருந்தார்கள், நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்தப் பத்திகளில்தான்.

இன்னொரு கேள்வியில் குடிப்பவர் ஒருவர் “எனக்கு என்ன பிரச்சினை, மனைவிதான் இழுத்து வந்தாள்” என்கிறார். நாலு விடைகளுமே ஏதோ ஒரு கட்டத்தில் செய்ய வேண்டியவைதான், ஆனால் இவர் மாற்றத்தைப் பற்றி யோசிக்கவே தொடங்காத நிலையில் இருக்கிறார். இப்போது சிகிச்சை மையத்துக்கு அனுப்பினால் மறுநாளே எழுந்து வந்துவிடுவார். முதலில் அவர் பேச்சைக் கேட்டு நம்பிக்கையைப் பெற வேண்டும். கருத்துகளின் பெயர் தெரிந்தால் பாதிக் கிணறுதான், எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதைத்தான் தேர்வு கேட்கிறது. உயிருக்கு ஆபத்து உண்டா என்று முதலில் பார், பிறகு நிலைமையை மதிப்பிடு, அதற்கப்புறம்தான் தலையிடு. இந்த வரிசை எனக்குக் கைவந்தது நானூறு ஐந்நூறு கேள்விகள் போட்ட பிறகுதான்.

இரண்டாவது மொழியில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. கேள்வியின் கடைசி வரியை முதலில் படியுங்கள், அப்புறம் மேலே போய் கதையைப் படியுங்கள். தொகுப்பில் இதைச் சொல்லவே இல்லை, ஆனால் எனக்கு நேரம் மிச்சமானது இதனால்தான்.

கேள்விகளைத் தனியாகவும் விற்கிறார்கள். அதை மட்டும் வாங்குங்கள். தேர்வுக்கு வேண்டிய தொழில் அறநெறி விதிகளை என்.ஏ.எஸ்.டபிள்யூ. (அமெரிக்காவின் தேசிய சமூகப் பணியாளர் சங்கம்) தளத்திலேயே இலவசமாகப் படிக்கலாம்.