"ஆக்சிஜன் 99 காட்டுது, நல்லாத் தூங்குறாங்க" என்று சொன்னால் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் இருப்பவர்கள், வீட்டில் இழுப்பு உள்ள பெரியவர்கள் இருந்தால் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் அயித்தை கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போடுகிறவர். அதிரசம், மாவுருண்டை, கைமுறுக்கு எல்லாம் விறகடுப்பில்தான். சின்ன வயதிலிருந்து அந்தப் புகையிலேயே நின்றவர். மழைக்காலம் வந்தால் இருமலும் இழுப்பும் வரும். ஊரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குத்தான் வருடக்கணக்கில் போனார். போனதும் நெபுலைசர், மூச்சுக்குழாயை விரிக்க ஒரு டெரிபிலின் ஊசி, டெக்சா என்ற ஸ்டீராய்டு ஊசி ஒன்று. கேட்டால் "வீசிங்" என்று ஒரே வார்த்தை. குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி ஒரு தடவைகூட எடுக்கவில்லை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றுகூட யாரும் கேட்கவில்லை. சர்க்கரை ஏறியது, முகம் ஊதியது. ஸ்டீராய்டு ஊசியை அடிக்கடி போட்டால் இரண்டுமே வரும். "வயசானா வர்றதுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

போன மார்கழியில் சளி முற்றி மூச்சு வாங்கியது. அங்கேயே சேர்த்தோம். மாஸ்க்கைப் போட்டு ஆக்சிஜனை முழுசாகத் திறந்துவிட்டார்கள். விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் 99 சதவீதம் என்று காட்டியது, எல்லோருக்கும் நிம்மதி. நள்ளிரவுக்கு மேல் அயித்தை ஒரு மாதிரி ஆனார். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து "என்னப்பா" என்பார், அடுத்த வார்த்தைக்குள் தலை சாய்ந்துவிடும். உள்ளங்கை சூடாக இருந்தது, கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு வெட்டி வெட்டி விழுந்தது. நர்ஸிடம் சொன்னால், "99 காட்டுது சார், அசதியில நல்லாத் தூங்குறாங்க." டியூட்டி டாக்டர் எட்டிப் பார்க்கவே இல்லை.

சொந்தத்தில் ஒரு பெண் திருச்சியில் ஸ்டாஃப் நர்ஸ். போனில் கேட்டதுமே, "ஏபிஜி எடுத்தாங்களா?" என்றாள். மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து கரியமில வாயுவின் அளவைப் பார்க்கும் சோதனை அது. இங்கே அந்த வசதியே இல்லை என்றார்கள். அதைச் சேர்க்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா? விடியுமுன் மதுரைக்குக் கொண்டுபோனோம். கரியமில வாயு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுவிட உதவும் பைபேப் மாஸ்க் போட்டுத்தான் காப்பாற்றினார்கள்.

மதுரை டாக்டர் சொன்னது: இது சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். பீடி, சிகரெட் தொடாத பெண்களுக்கும் விறகுப் புகையால் வரும். இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கு ஆக்சிஜனை அளவுக்கு மேல் கொடுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்து மயக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அவர்களுக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும். 99 அவர்களுக்கு நல்ல செய்தி அல்ல. அதற்காக நீங்களாக ஆக்சிஜனைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது, அதுவும் உயிருக்கு ஆபத்து. நோயாளி தூங்கி வழிந்தால், பேச்சுக் குழறினால், உடனே டாக்டரை வரவழைத்து ஏபிஜி கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

உடம்பு தேறிய பிறகு ஸ்பைரோமெட்ரி எடுத்தார்கள். முழு மூச்சை இழுத்து வேகமாக ஊதும்போது, மொத்தக் காற்றில் முதல் நொடியில் எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்ப்பார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சிய பிறகும் அது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சிஓபிடி. கொஞ்ச நேர வேலை, ஊசிகூடக் கிடையாது. இதை முன்னாலேயே செய்திருந்தால் அத்தனை டெக்சா ஏறியிருக்காது. இப்போது இன்ஹேலரை ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையில் வைத்து இழுத்துப் பத்து நொடி மூச்சைப் பிடிக்கிறார். அதைக்கூட இங்கே யாரும் சொல்லித் தந்ததில்லை.

பழைய மருத்துவமனையில் கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்பு) நகல் கேட்டால், "அதெல்லாம் தர்றதில்ல" என்கிறார்கள். பொய். 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், மூன்று ஆண்டுகள் பாதுகாத்தும் வைக்க வேண்டும். எழுத்தில் கேட்டு, கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் கொடுத்திருக்கிறோம். மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் மனு போயிருக்கிறது. இதே மாதிரி அனுபவம் உள்ளவர்கள் பில்லையும் மருந்துச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள், நீங்களும் ஒரு மனு கொடுங்கள்.