செவ்வாய்க் கல் என்று இரும்புச் சிட்டத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள்

எட்டாவது படிக்கும் மகனின் பிறந்தநாளுக்குச் செவ்வாய்க் கிரகத்துக் கல் வாங்கித் தரப் போய் 6,800 ரூபாயைத் தொலைத்திருக்கிறேன். விண்கல் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் ஒரு நிமிடம் படித்துவிட்டுப் போங்கள்.

விற்றவர் அனுப்பிய வீடியோவில் கல்லின் மேல் ஒரு சின்னக் காந்தத்தை வைக்கிறார், டக்கென்று ஒட்டிக்கொள்கிறது, கல்லைக் கவிழ்த்தாலும் விழவில்லை. அதைப் பார்த்ததும் நான் விழுந்துவிட்டேன். பணத்தை யுபிஐயில் அனுப்பினேன், நாலாவது நாள் பார்சல் வந்தது. உள்ளே 40 கிராம் கல், ஹோலோகிராம் ஒட்டிய சான்றிதழ், அதில் '460 கோடி ஆண்டு பழமையான அசல் செவ்வாய்க் கல்' என்று தங்க நிற எழுத்து.

இரண்டு வாரம் கழித்து என் மச்சான் வந்திருந்தார். கோயம்புத்தூரில் ஃபவுண்டரி வேலை. கல்லைக் கையில் வாங்கி ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "மாப்ள, இது இரும்புச் சிட்டம், இரும்பை உருக்கும்போது மிஞ்சுற கழிவு. எங்க பட்டறைக்குப் பின்னாடி மலை மாதிரி கெடக்கு, லோடு கணக்குல அள்ளிட்டுப் போறாங்க" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உடைத்துக் காட்டினார். உள்ளே பணியாரம் மாதிரி முழுக்க ஓட்டை, வட்ட வட்டமாக, சில ஓட்டைகளின் உட்சுவர் கண்ணாடி போலப் பளபளத்தது. உருகிய குழம்பில் காற்று மாட்டிக்கொண்டு இறுகினால் இப்படித்தான் வருமாம். விண்கல்லில் இப்படிக் குமிழ் ஓட்டை இருப்பது மிக மிக அபூர்வம் என்று அப்புறம் படித்தேன். அசல் விண்கல்லுக்கு வெளியே மெல்லிய கறுப்புத் தோல் இருக்கும், சிலவற்றில் ஈர மண்ணில் கட்டைவிரலை அழுத்தியது போல ஆழமில்லாத பள்ளங்கள் இருக்கும்.

ஆனால் எனக்கு வயிறு எரிந்தது காந்த விஷயத்தில்தான். பூமியில் விழும் விண்கற்களில் பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள்களிலிருந்து உடைந்து வந்தவை. அவற்றில் நிக்கல் கலந்த இரும்பு உலோகமாகவே இருப்பதால் காந்தம் ஒட்டும். செவ்வாயில் அந்த உலோகம் எப்போதோ உருகி நடுவுக்கு இறங்கிவிட்டது. மேலே இருப்பது எரிமலைப் பாறை, அதிலிருந்து வரும் கல்லில் காந்தம் இப்படிக் கவ்விப் பிடிக்காது. அதாவது, அசல் என்று நிரூபிக்க அந்த ஆள் காட்டிய வீடியோவே அது செவ்வாய்க் கல் இல்லை என்பதற்குச் சாட்சி!

வயதும் அப்படித்தான். 460 கோடி என்பது மொத்தச் சூரியக் குடும்பத்தின் வயது, அதைத் தூக்கிச் சான்றிதழில் போட்டிருக்கிறார்கள். 1865இல் பீகாரில் ஷெர்காட்டி என்ற ஊரில் ஒரு கல் விழுந்தது, அந்த வகைக்கே ஷெர்காட்டைட் என்று பெயர், செவ்வாய்க் கற்களில் அதிகம் கிடைப்பது இதுதான். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 60 கோடி வருஷம்கூட ஆகவில்லை. செவ்வாயிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? அண்டார்டிகாவில் கிடைத்த இதே வகைக் கல் ஒன்றின் கண்ணாடித் துளிகளுக்குள் அடைபட்டிருந்த வாயுவை அளந்தார்கள். 1976இல் வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கி அளந்த காற்றோடு அது பொருந்தியது. அவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்த விஷயத்தை இவர்கள் ஒரு ஹோலோகிராம் ஸ்டிக்கரில் முடித்துவிட்டார்கள்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் முதலில் கல்லின் பெயரைக் கேளுங்கள். ஆராய்ந்து உறுதி செய்த ஒவ்வொரு விண்கல்லுக்கும் பெயரோ எண்ணோ உண்டு, மீட்டியோரிட்டிகல் புல்லட்டின் பட்டியலில் இலவசமாகவே தேடிப் பார்க்கலாம். 70,000க்கும் மேல் பெயர்கள் இருக்கும் அந்தப் பட்டியலில் செவ்வாய்க் கற்கள் சில நூறுதான். விலை கிராமுக்கே பல ஆயிரம் ரூபாய். 40 கிராம் 6,800க்கு வரும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், சரி விடுங்கள்.

என் கல்லின் பெயரைக் கேட்டு அந்த ஆளுக்கு மெசேஜ் போட்டேன். "சார், மார்ஸ்தான் பெயர்" என்று பதில் வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் எண் வாங்கி வைத்திருக்கிறேன்.

நேற்று மச்சான் போனிலிருந்து அந்த ஆளின் பக்கத்தைப் பார்த்தேன். அதே வீடியோ, அதே காந்தம். இப்போது நிலாக் கல்லாம், 9,500 ரூபாய்.