மார்கழி உழவர் சந்தை: மொச்சைக்குப் போங்கள், காலிஃபிளவருக்குப் போகாதீர்கள்

ராமநாதபுரம் மாவட்டத்து உழவர் சந்தை ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை. குறையும் சொல்லப் போகிறேன். அங்கே கடை போடுகிறவர்கள் எல்லாரும் முகம் பார்த்துப் பழகியவர்கள். நான் உச்சிப்புளிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்துப் போகிறவள். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றதால், காயை மூட்டைக் கணக்கில் பார்த்த கண் எனக்கு. அவ்வளவு சீக்கிரம் ஏமாற்ற முடியாது.

போவதென்றால் மார்கழியிலிருந்து மாசிக்குள் போங்கள். எங்கள் மாவட்டம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் கண்மாய் நிறையும். அந்த ஈரத்தில் வளர்ந்த காய்கள் பனி இறங்கும்போது சந்தைக்கு வரும். குளிர்காலக் காய் என்றதும் காலிஃபிளவரையும் கேரட்டையும் நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: அவை இங்கே விளைவதில்லை. கொடைக்கானல், ஊட்டிப் பக்கமிருந்து லாரி ஏறி வருகின்றன. வந்து சேர்வதற்குள் காலிஃபிளவர் பழுப்படித்துவிடுகிறது. அதை வாங்க இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை, தெருமுனைக் கடையே போதும்.

வாங்க வேண்டியது பச்சை மொச்சை. வாசலைத் தாண்டி உள்ளே போனதும் இடது பக்கம் ஓர் ஆத்தா சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். விலை சொல்வதற்கு முன்னால், "என்னத்தா, கருவாடா பொரியலா?" என்று கேட்பார். கருவாடு என்றால் முற்றி மணி திரண்ட காயாக அள்ளுவார். பொரியல் என்றால் இளசாகப் பொறுக்குவார். எந்த சூப்பர் மார்க்கெட்டில் இப்படிக் கேட்கிறார்கள்? உரித்த பயறும் வைத்திருப்பார், விலை கூட. நான் காயாகத்தான் வாங்குவேன். உரித்து வைத்தால் வாசனை போய்விடும், அதுவும் தண்ணீர் தெளித்து வைத்த பயறென்றால் சாயங்காலத்துக்குள் பிசுபிசுக்கும்.

மார்கழியில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் படகு போகாது. வருகிற கொஞ்ச மீனும் யானை விலை. அப்போதுதான் மொச்சை, கத்தரிக்காய், கருவாடு மூன்றும் ஒரு சட்டியில் சேரும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு வதக்கி, மொச்சையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றித் திறந்த சட்டியிலேயே வேகவிடுங்கள். பச்சை மொச்சைக்குக் குக்கர் வேண்டாம், குழைந்து மாவாகிவிடும். முக்கால் பதம் வெந்த பிறகு கத்தரிக்காய், அது வெந்ததும் புளி. புளியை முதலிலேயே ஊற்றினால் மொச்சை முறைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் குண்டு மிளகாயை வறுத்து அரைத்த பொடி போடுங்கள். முண்டு என்றும் சொல்வார்கள், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய். நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் அலசிக் கடைசியில் போட்டு ஒரு கொதி விட்டு இறக்குங்கள். கருவாடு மட்டும் கோடையில் காய்ந்ததாக இருக்கட்டும். இப்போது பனியில் போட்டு எடுப்பதில் ஈரம் நிற்கும், நாற்றம் வேறு மாதிரி இருக்கும். உப்பைக் கருவாடு போட்ட பிறகு பார்த்துச் சேருங்கள்.

வீட்டில் யாராவது சபரிமலைக்கு மாலை போட்டிருந்தால் கருவாட்டுப் பேச்சே கிடையாது. அந்த நாட்களுக்குத்தான் அதலைக்காய். கரிசல் காட்டில் மழைக்குத் தானாக முளைக்கிற கொடி. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து ஒன்றிரண்டு பேர் சின்னக் கூடையில் கொண்டுவருவார்கள். ஏழு மணிக்கு மேல் போனால் கூடை காலி. சில நாள் விலை கேட்டால் கோழிக்கறியே வாங்கிவிடலாமா என்று தோன்றும். பாகற்காயின் தம்பி மாதிரி, சுண்டு விரலில் பாதிதான் இருக்கும், கசப்பு மட்டும் அண்ணனுக்குக் குறையாது. நறுக்க வேண்டாம். காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு முழுசாக எண்ணெயில் சுருள வதக்கி, வெங்காயம், கொஞ்சம் புளித்தண்ணீர், கடைசியில் வறுத்த வேர்க்கடலைப் பொடி. வாங்கிய அன்றே சமைத்துவிடுங்கள். வெளியில் ஒரு ராத்திரி வைத்தால் வெடித்து விதை தெரியும். முற்றிய விதை பல்லில் கடகடக்கும்.

அவரையும் நன்றாக இருக்கும். முள்ளங்கியை இலையோடு தருகிறார்கள், இலையைத் தூக்கிப் போடாமல் பாசிப்பருப்போடு வதக்கிவிடலாம். பரங்கி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் பொங்கலுக்கு முதல் வாரம் குவியும். தை பிறந்தால் பனங்கிழங்குக் கட்டுகள். எங்கள் மணற்காட்டில் விளைவதையே பஸ் ஏறிப்போய் வாங்குவேனா என்ன, அதை விடுங்கள்.

இப்போது குறைகள். விலைப் பலகை இருக்கிறது, ஆனால் எழுத நேரமாகிவிடுகிறது. உழவர் சந்தை என்பதே அந்தப் பலகைக்காகத்தானே? 1999 நவம்பரில் மதுரையில் முதல் சந்தை திறந்தபோதே திட்டம் அதுதான்: இடைத்தரகர் கிடையாது, விவசாயிக்கு அடையாள அட்டை, தராசு இலவசம், விலை அன்றன்றைக்கு அதிகாரிகள் வைப்பது, மொத்த விலைக்கு மேலே, வெளிக்கடை விலைக்குக் கீழே. அதிகாலையில் போகிறவளுக்கு நேற்றைய விலைதான் தெரிகிறது என்றால், ஒரு ரூபாய் இரண்டு ரூபாய்க்கு நாங்களே வாதாட வேண்டியிருக்கிறது. மழை பெய்தால் பின்வரிசையில் கூரை ஒழுகும், தரையில் சேறு. கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. நாலு மணிக்கே மூட்டையோடு வந்து உட்காரும் பெண்கள் எங்கே போவார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கு இதுதான் பெரிய குறை, கத்தரிக்காயில் புழு இருப்பதெல்லாம் இல்லை.

இன்னொன்று, வெளியே ரோட்டோரம் உட்கார்ந்திருப்பவர்களும் "சந்தைக் காய்" என்றுதான் கூவுவார்கள். சிலர் உண்மையிலேயே தோட்டத்துக்காரர்கள், சிலர் மொத்தக் கடையில் எடுத்து விற்பவர்கள். மேலே பளபளவென்று அடுக்கி, அடியில் சொத்தை வைத்த கத்தரிக்காயை அங்கேதான் பார்த்தேன். உள்ளே போய் வாங்குங்கள்.

ஐந்து நட்சத்திரத்துக்கு நாலு தருவேன். கழிப்பறையைத் திறந்துவிட்டால் மீதி ஒன்றையும் போடுகிறேன். துணிப்பை இரண்டு கொண்டுபோங்கள், சில்லறையும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். போன் காட்டிப் பணம் கட்டும் அட்டை எல்லாக் கடையிலும் இல்லை, மொச்சை ஆத்தாவிடம் கண்டிப்பாக இல்லை. போகிக்கு முதல் நாள் மட்டும் போகவே போகாதீர்கள், மஞ்சள் கொத்துக்கும் கரும்புக்கும் வந்த கூட்டத்தில் காயைத் தொட்டுப் பார்க்கக்கூட இடம் இருக்காது.