எக்ஸ்ப்ளோரர் ஓஎல்1: ஈடேல் மலைநடைக்கு உதவும் வரைபடம்

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்டில் ஈடேல் கிராமத்திலிருந்து கிண்டர் ஸ்கௌட் மேட்டுக்கு ஏறி இறங்கும் வட்டப்பாதை, அந்தப் பகுதிக்கான நடை வழிகாட்டி நூல்களில் அடிக்கடி வருவது. ரயிலை விட்டு இறங்கி, கிரிண்ட்ஸ்ப்ரூக் ஓடைப் பள்ளத்தாக்கில் ஏறி, மேட்டின் தெற்கு விளிம்போடு மேற்கே போய், ஜேக்கப்ஸ் லேடர் கற்படிகளில் இறங்கி, அப்பர் பூத் வழியாகத் திரும்ப வேண்டும். சுமார் 13 கி.மீ. இதற்கு நூல் மட்டும் போதாது. பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் ஓஎல்1 வரைபடத் தாளும் பையில் இருக்க வேண்டும்.

காரணம் இந்த மலையிலேயே இருக்கிறது. 1965-ல் திறக்கப்பட்ட பென்னைன் வே நெடும்பாதை முதலில் கிரிண்ட்ஸ்ப்ரூக் வழியாக ஏறி மேட்டின் நடுவே குறுக்காகப் போனது. நடந்தவர்களின் கால்பட்டு மண் அரித்துப்போனதால், அதிகாரபூர்வப் பாதையை ஜேக்கப்ஸ் லேடர் பக்கம் மாற்றினார்கள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய பதிப்பு இன்றும் அந்த நடுவழியைத்தான் சொல்லும். அங்கே கரிய பீட் (மட்கிய தாவரங்களால் ஆன மண்) சேற்றில் ஆள் உயரத்துக்கு வெட்டுண்ட வாய்க்கால்கள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. ஒன்றில் இறங்கிவிட்டால் சுற்றிலும் எதுவும் தெரியாது; மூடுபனியில் திசை தப்பிவிடும். ஆகவே நூலின் பதிப்பாண்டை முதலில் பாருங்கள். பிறகு அதன் வழியை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பச்சை வைரக் குறிகள் தொடர்ந்து போகும் வரிதான் இப்போதைய நெடும்பாதை.

ஆரஞ்சு அட்டை போட்ட எக்ஸ்ப்ளோரரின் அளவு 1:25,000. தாளில் 4 செ.மீ. என்றால் தரையில் ஒரு கி.மீ. இளஞ்சிவப்பு அட்டை லேண்ட்ரேஞ்சர் 1:50,000. நடப்பவருக்கு லேண்ட்ரேஞ்சர் வேண்டாம் என்பேன். அதில் வயல்களின் கல் சுவர்களும் வேலிகளும் இல்லை. “மூன்றாவது வயலைக் கடந்ததும் வலப்புறம்” என்று நூல் எழுதினால், சுவர்களை எண்ணிச் சரிபார்க்க எக்ஸ்ப்ளோரர்தான் வேண்டும்.

அதிகம் பேர் தவறுவது கோடுகளின் நிறத்தில். பச்சைக் குறுங்கோடுகள் நடப்பவருக்கு உரிமையுள்ள பாதை; பச்சை நெடுங்கோடுகளில் குதிரையும் சைக்கிளும் போகலாம். கறுப்புக் கோடுகள் தரையில் தடம் இருப்பதை மட்டும் சொல்லும், உரிமையைச் சொல்லாது. வெளிர் மஞ்சள் பூசிய நிலம் 2000-ம் ஆண்டுச் சட்டப்படி காலாற நடக்கத் திறந்துவிடப்பட்டது. கிண்டர் மேடு முழுக்க அந்த மஞ்சள்தான். 1932 ஏப்ரலில் இதே மேட்டில் தடையை மீறி ஏறியவர்களில் ஐந்து பேர் சிறை சென்றார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த மஞ்சளின் மதிப்பு புரியும்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நூலின் வழியைப் பென்சிலால் தாளில் வரையுங்கள். திரும்பும் இடங்களுக்கு, தாளில் அச்சிட்ட கட்டக் கோடுகளைக் கொண்டு இடத்தைச் சொல்லும் ஆறு இலக்கக் கட்ட எண்ணைக் குறியுங்கள். மேட்டின் உச்சி (636 மீ.) எஸ்கே 086 875. எஸ்கே என்பது அந்தப் பெரிய கட்டத்தின் எழுத்துக் குறி. கிழக்குக் கோடு 08-ஐத் தாண்டிப் பத்தில் ஆறு பங்கு, வடக்குக் கோடு 87-ஐத் தாண்டிப் பத்தில் ஐந்து பங்கு. இது 100 மீட்டர் சதுரத்தைக் காட்டும்.

நேரத்துக்கு நெய்ஸ்மித் கணக்கு: 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீ. ஏற்றத்துக்கு இன்னொரு மணி. 13 கி.மீ., 400 மீ. ஏற்றம் என்று வைத்தால் 3 மணி 16 நிமிடம் வரும். கிரிண்ட்ஸ்ப்ரூக்கின் மேல்பகுதியில் பாறைகளில் கை ஊன்றி ஏற வேண்டியிருப்பதாலும் ஓய்வு தேவை என்பதாலும் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சம உயரக் கோடுகள் நெருங்கும் இடம் செங்குத்து. கோடுகளின் இடைவெளி சில தாள்களில் 5 மீ., சிலவற்றில் 10 மீ.; குறி விளக்கத்தைப் பார்க்காமல் எண்ணினால் ஏற்றம் பாதியாகவோ இரட்டிப்பாகவோ தெரியும்.

தாளின் குறைகளும் உண்டு. இருபுறமும் அச்சிட்ட பெரிய தாள். காற்றில் விரிக்க முடியாது. தேவையான பக்கத்தை வீட்டிலேயே மடித்து ஒளிபுகும் உறையில் போடுங்கள். மடிப்பு மூலைகள்தான் முதலில் கிழியும், வழி சரியாக அங்கேதான் போகும். நெகிழிப் பூச்சுள்ள ஆக்டிவ் பதிப்பு மழையைத் தாங்கும், ஆனால் கனமும் பருமனும் கூடுதல்.

தாளோடு வரும் குறியீட்டைக் கொண்டு அதே வரைபடத்தைக் கைப்பேசியிலும் இறக்கலாம். வீட்டு இணையத்திலேயே இறக்கிவிடுங்கள். மேட்டில் சிக்னலை நம்ப முடியாது, குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும். திசைகாட்டி கட்டாயம். பிரிட்டனில் இப்போது காந்த வடக்குக்கும் கட்ட வடக்குக்கும் (தாளின் செங்குத்துக் கோடுகள் காட்டும் வடக்கு) வித்தியாசம் மிகச் சிறியது என்பதால் இந்த நடைக்குத் திருத்தம் போடத் தேவையில்லை.