பெரிக்ளிஸின் மதிலா, எப்பமினோண்டாஸின் ஈட்டியா?

ஸ்பார்ட்டாவின் தரைப்படையோடு சமவெளியில் நேருக்கு நேர் மோதி வெல்வது நடக்காத காரியம் என்று கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக் கிரேக்கர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் அந்தப் படையை என்னதான் செய்வது? ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ், மோதவே வேண்டாம் என்றார். 60 ஆண்டுகள் கழித்து வந்த, தீப்ஸ் என்ற கிரேக்க நகரத்தின் தளபதி எப்பமினோண்டாஸ், மோதுவோம், ஆனால் அடி விழும் இடத்தை நாம் முடிவு செய்வோம் என்றார். பின்னாளில் ஐரோப்பியத் தளபதிகள் திரும்பத் திரும்ப வந்து நின்றது இந்த இரண்டு வழிகளின் முன்னால்தான்.

எப்பமினோண்டாஸ் ஸ்பார்ட்டாவை வென்ற லூக்ட்ரா போரின் வரைபடத்தைப் பார்த்தவர்கள் சட்டென்று அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். நானும் அவர் பக்கம்தான். ஆனால் அந்த வரைபடத்துக்காக அல்ல.

முதலில் பெரிக்ளிஸின் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் அது உண்மையிலேயே ஒரு கணக்கு. கி.மு. 431இல் ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் போர் தொடங்கும்போது ஏதென்ஸையும் பிரேயஸ் துறைமுகத்தையும் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீள மதில்கள் இணைத்திருந்தன. கிராமத்து மக்கள் எல்லோரும் மதிலுக்குள் வந்துவிட வேண்டும். எதிரி வயலை எரித்தால் எரிக்கட்டும். தானியம் கடல் வழியே வரும். 300 டிரையரீம் போர்க்கப்பல்கள் ஸ்பார்ட்டா இருந்த பெலோபொனீசத் தீபகற்பத்தின் கரையோரம் போய்த் தாக்கிவிட்டுத் திரும்பும். கருவூலத்தில் 6,000 தாலந்து (பெரிய எடை அளவு) வெள்ளி நாணயம், நட்பு நகரங்களிடமிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 600 தாலந்து வரவு என்று கிரேக்க வரலாற்றாளர் துசிடிடிஸ் எழுதிவைத்திருக்கிறார். எதிரிப் படையில் பெரும்பாலானோர் சொந்த நிலத்தில் அறுவடைக்குத் திரும்ப வேண்டியவர்கள். அந்த ஆண்டுகளில் அவர்கள் ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிக்காவில் அதிகபட்சமாகத் தங்கியதே 40 நாட்கள்தான். ஆகவே அவர்கள்தான் முதலில் சலித்துப்போவார்கள் என்பது அவர் எதிர்பார்ப்பு.

இந்தத் திட்டம் ஏன் பலிக்கவில்லை என்றால், உடனே கி.மு. 430இன் கொள்ளைநோயைக் காட்டுவார்கள். நெரிசலான நகருக்குள் பரவிய அந்த நோய்க்காலத்திலேயே, அடுத்த ஆண்டு, பெரிக்ளிஸும் இறந்தார். நோய் பெரிய அடிதான். ஆனால் நோய் வராமல் இருந்திருந்தாலும் பணம் கரைந்துதான் இருக்கும். பொட்டிடேயா என்ற ஒரே நகரத்தை முற்றுகையிட மட்டும் 2,000 தாலந்து செலவானது. கி.மு. 428இல் குடிமக்களின் சொத்து மீதே வரி போட வேண்டிய நிலை. எதிரியைச் சலிப்படைய வைக்கும் வழி, அதைக் கையாள்பவனையும் சேர்த்தே தேய்க்கிறது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஸ்பார்ட்டாவால் இழந்துவிட்டு வாழ முடியாத எதையும் பெரிக்ளிஸ் தொடவில்லை. ஸ்பார்ட்டாவின் குடிமகன் உழுவதில்லை. அவனுக்காக ஹெலட் எனப்பட்ட அடிமை உழவர்கள் உழுதார்கள், குறிப்பாக ஸ்பார்ட்டா கைப்பற்றி வைத்திருந்த மெஸ்ஸீனியாவில். அந்த உழைப்புதான் அவனை முழுநேரப் போர்வீரனாக வைத்திருந்தது. கி.மு. 425இல் டெமாஸ்தனிஸ் என்ற ஏதென்ஸ் தளபதி மெஸ்ஸீனியக் கரையில் பைலோஸில் ஒரு கோட்டை கட்டினார். பக்கத்துத் தீவில் சிக்கிய ஸ்பார்ட்டா தரப்பு வீரர்கள் 292 பேர் உயிரோடு பிடிபட்டார்கள். ஹெலட்டுகள் கோட்டைக்குத் தப்பி ஓடத் தொடங்கினார்கள். ஸ்பார்ட்டாவே சமாதானத் தூது அனுப்பியது! கி.மு. 413இல் ஸ்பார்ட்டா அதே வைத்தியத்தை ஏதென்ஸுக்குச் செய்தது: அட்டிக்காவுக்குள் டெசிலியாவில் நிரந்தரமாகப் படையை உட்கார வைத்ததும் 20,000க்கு மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸை விட்டு ஓடிவிட்டார்கள்.

சரி, இப்போது லூக்ட்ரா, கி.மு. 371. ஈட்டி வீரர்கள் நெருக்கமாக நிற்கும் கிரேக்க ஃபேலங்க்ஸ் அணி வழக்கமாக 8 முதல் 12 வரிசை ஆழம் இருக்கும்; சிறந்த வீரர்கள் வலப்புறம் நிற்பார்கள். எப்பமினோண்டாஸ் தன் இடப்புறத்தை 50 வரிசை ஆழத்துக்குக் குவித்து, ஸ்பார்ட்டா அரசன் நின்ற இடத்துக்கு நேராக நிறுத்தினார். தன் பலவீனமான வலப்புறத்தைப் பின்னால் தயங்கி வரச் செய்தார். பெலோபிடாஸின் தலைமையில் தீப்ஸின் தேர்ந்த வீரர்கள் 300 பேர் கொண்ட புனிதப் படை முன்னால் பாய்ந்தது. அரசன் கிளியோம்பிரோட்டஸ் விழுந்தான். களத்தில் இருந்த சுமார் 700 ஸ்பார்ட்டா குடிமக்களில் 400 பேர் செத்தார்கள்.

பலர் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை அவருடைய உண்மையான அடி அடுத்த ஆண்டின் குளிர்காலத்தில்தான் விழுந்தது. படையோடு ஸ்பார்ட்டாவின் சொந்தப் பகுதியான லக்கோனியாவுக்குள் இறங்கிய எப்பமினோண்டாஸ் ஸ்பார்ட்டா நகரத்தைப் பிடிக்கவில்லை. மெஸ்ஸீனியாவுக்குப் போய் ஹெலட்டுகளை விடுதலை செய்தார், கி.மு. 369இல் இதோமே மலைச்சரிவில் மெஸ்ஸீன் என்ற நகரத்தை எழுப்பினார். அதன் கல்மதில்களின் பகுதிகள் இன்றும் நிற்கின்றன. ஸ்பார்ட்டா அந்த நிலத்தைத் திரும்பப் பெறவே இல்லை, பழைய வல்லமையையும்தான். லூக்ட்ராவோடு அவர் வீடு திரும்பியிருந்தால், ஒரு தலைமுறையில் ஸ்பார்ட்டா வேறொரு படையைத் திரட்டியிருக்கக்கூடும்.

இரண்டு வழிகளுக்கும் பொதுவான பலவீனம், தனிமனிதரைச் சார்ந்திருப்பது. கி.மு. 362இல் மாண்டினியா போரில் எப்பமினோண்டாஸ் இறந்ததும் தீப்ஸின் தலைமையும் முடிந்தது. இளவயதில் தீப்ஸில் பிணைக்கைதியாக இருந்த மாசிடோனியாவின் பிலிப் பின்னர் கேரோனியா போரில் அதே தீப்ஸை நசுக்கினார்.

பிற்காலத்தவர் எதை எடுத்துக்கொண்டார்கள்? நேரடியாகக் கைமாறியது பயிற்சிமுறை. கிரேக்க எழுத்தாளர் ஏலியனின் அணிவகுப்பு நூலைப் படித்துத்தான் 1590களில் நாசோ குடும்பத்து வில்லியம் லூயிசும் மொரீஸும் டச்சுப் படையின் துப்பாக்கி வரிசைகளுக்குப் பயிற்சி அமைத்தார்கள். ஒரு புறத்தைக் குவித்து மறுபுறத்தைப் பின்தங்க வைக்கும் எப்பமினோண்டாஸின் சாய்வு அணி ஏட்டிலிருந்து களத்துக்குப் போனதற்குச் சிறந்த சான்று, பழங்காலப் போர்களை ஆழ்ந்து படித்த பிரஷ்ய மன்னர் பிரெடரிக். 1757 டிசம்பர் 5 அன்று லூத்தனில் ஏறக்குறைய 35,000 பேரோடு, அதைப்போல இரு மடங்கு இருந்த ஆஸ்திரியப் படையின் இடப்புறத்தை உருட்டினார். ஆனால் அந்த ஏழாண்டுப் போர் 1763 வரை ஓடியது. லூத்தன் அதை முடிக்கவில்லை. பிரெடரிக் தப்பியது, பெரிக்ளிஸைப் போலத் தேய்ந்தும் விழாமல் நின்றதால்தான். ஜெர்மன் வரலாற்றாளர் ஹான்ஸ் டெல்ப்ரூக் 1890இல் இந்த இருவரையும் பக்கத்தில் வைத்து எழுதியபோது, மன்னரை ஒரே அடியில் முடிப்பவராகவே கொண்டாடிவந்த ராணுவ அதிகாரிகள் கொதித்துப்போனார்கள்.

அந்த அதிகாரிகளின் வாரிசுகள்தான் முதல் உலகப் போரில், 1914இல், வலப்புறத்தை மிக கனமாக்கி பெல்ஜியம் வழியே பாரிஸை நோக்கி வந்தார்கள். மார்ன் ஆற்றில் அது நின்றது. அப்புறம் நான்கு ஆண்டுகள் பிரிட்டிஷ் கடற்படை முற்றுகை ஜெர்மனியைத் தேய்த்தது. இது பெரிக்ளிஸின் வழிதான். ஒரே வேறுபாடு, இங்கே கடல் வணிகம் எதிரிக்கும் உயிர்நாடி. 1918 மார்ச்சில் ஜெர்மன் தளபதி லூடன்டார்ஃப் மீண்டும் ஒரே அடியில் முடிக்கப் பார்த்தார். பிரிட்டிஷ் வரிசை உடைந்தது. ஜெர்மானியர்கள் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் முன்னேறினார்கள். ஆனால் உடைத்த பிறகு எங்கே போவது என்பது முன்பே தீர்மானிக்கப்படவில்லை. பிரிட்டிஷ் படைக்குச் சரக்கு வந்துகொண்டிருந்த அமியான் ரயில் சந்திப்பு தாமதமாகத்தான் இலக்கானது. அதைக் கடைசிவரை அவர்களால் பிடிக்க முடியவில்லை.